நாட்டு மருந்தும் நாட்டுச் சட்டமும்

கிள்ளான் நகரின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளுள் நுழைவோர் இருவகைச் சரக்குகளைக் காண்பர். ஒருபுறம் சாக்குகளிலும் தகர டப்பாக்களிலும் கண்ணாடிச் சாடிகளிலும் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய், வசம்பு ஆகியவை இருக்கும். மறுபுறம், கல்லாவுக்கு அருகில், வண்ணத்தாள் ஒட்டிய பிளாஸ்டிக் புட்டிகளில் மூலிகை மாத்திரைகளும் பொடிகளும் 'சத்துணவு' என்னும் பெயர் தாங்கிய பானங்களும் அடுக்கப்பட்டிருக்கும். முன்னவை பெயர் சொல்லிக் கேட்டால் எடைபோட்டுக் கொடுக்கப்படுபவை. பின்னவை விளம்பரம் பார்த்துக் கேட்கப்படுபவை. ஒரே கடையின் இருபுறங்களுக்கும் இடையே பத்தடித் தொலைவுதான். ஆயினும் அத்தொலைவைக் கடக்க நூறாண்டு பிடித்தது. அந்நூறாண்டில் மருந்தின் வடிவம் மாறியது. அதைத் தருபவர் மாறினார். உண்பவரைக் காக்க வேண்டிய சட்டமோ தட்டுத் தடுமாறிப் பின்னால் வந்தது.

தமிழர் இந்நாட்டுக்குக் கப்பலேறி வந்த காலத்தில் அவர்தம் மூட்டையில் மருந்தும் வந்தது. வந்து சேர்ந்த இடமோ நோய்களின் விளைநிலமாக இருந்தது. 1901ஆம் ஆண்டு சனவரியில் மால்கம் வாட்சன் என்னும் ஆங்கில மருத்துவர் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது, மலேரியாக் காய்ச்சல் அந்நகரைச் சூறையாடிக் கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், அதே காய்ச்சலால் மூடப்பட வேண்டிய நிலையை எய்தியது. வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடியச் செய்தும் புதர்க்காட்டை வெட்டியும் நகரையும் துறைமுகத்தையும் மீட்டார். கால்வாய் வெட்டி நோயை வென்ற அச்செயல் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. ஆனால் அக்கால்வாய்களுக்கு அப்பால், இரப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்ந்தவருக்கு அந்த நற்பேறு உடனே கிட்டவில்லை. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்ட முதலாளிமார் மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என விதித்தது. விதித்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. பல தோட்டங்களில் மருத்துவர் என்று எவரும் இல்லை. 'டிரஸ்ஸர்' ஒருவரே இருந்தார். அவர் தந்த கசப்பு மருந்தைக் காட்டிலும், பாட்டி கொடுத்த கசாயத்தைத் தொழிலாளர் நம்பியதில் வியப்பில்லை. கசாயம் அவர்தம் மொழியில் பேசியது.

இந்நிலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சீன மருத்துவ முறைப்படி ஏழைகளுக்கு இலவசமாக மருந்தளிக்கும் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே பிற்காலத்தில் துங் ஷின் மருத்துவமனையாக வளர்ந்தது. அதனைத் தொடங்கியவராகக் கூறப்படும் யாப் குவான் செங், பின்னர்க் கோலாலம்பூரின் கடைசிச் சீனக் கப்பித்தானாக விளங்கியவர். பிரிக்பீல்ட்ஸ் என்னும் ஊர்ப்பெயருக்கே காரணமான செங்கற்சூளைகளோடு தொடர்புடையவரும் அவரே. மலாய்க்காரரிடையே மருத்துவச்சியரும் வேர்களும் இலைகளும் கூடிய 'ஜாமு' மருந்துகளும் இருந்தன. மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் மருந்துகளும் வேலி தாண்டின. தமிழ்ப்பெண் பிள்ளைப்பேற்றுக்குப் பின் மலாய் மருத்துவச்சியிடம் வயிறு தடவிக் கொள்வதும், சீனர் கடையில் தமிழர் மூலிகைத் தேநீர் அருந்துவதும் இங்கு இயல்பாயின.

மூலிகையில் தீங்கே இல்லை என்று மேடைகளில் முழங்குவோர் இன்றும் உளர். அவர்கள் சித்த மருத்துவ நூல்களைத் திறந்து பார்த்தவரல்லர் என்றே கொள்ள வேண்டும். அம்மருத்துவம் அறுபத்துநான்கு பாடாணங்களைப் பெயரிட்டு வகுத்தது. இதளியத்தையும் கந்தகத்தையும் ஈயத்தையும் கையாண்டது. நாவி, எட்டிக்கொட்டை, நேர்வாளம், சேங்கொட்டை ஆகியவை நஞ்செனத் தெளிவாக உணர்ந்தே அவற்றுக்குத் தனித்தனியே சுத்தி முறைகளைச் சொல்லிற்று. சமையலறை அளவிலும் அவ்வெச்சரிக்கை உண்டு. சுக்கு என்றால் மேல்தோலைச் சீவுவதும், கடுக்காய் என்றால் உள்கொட்டையை நீக்குவதும் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியரும் அறிந்தவை. சரக்கைச் சுத்தி செய்தல், நோயாளியின் உடல்வாகு அறிதல், அளவு குறித்தல், அனுபானம் கூறுதல், பத்தியம் விதித்தல் என மருந்தைச் சுற்றி ஐந்து வேலிகள் நின்றன.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய 'மருந்து' இங்கு நினைக்கத்தக்கது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அதனை உடனிருந்து கொடுப்பவர். தமிழாசிரியர் வகுப்பில் எளிதாகக் கடந்து செல்லும் குறள் அது. ஆனால் புட்டியில் வரும் மருந்தின் வரலாற்றை விளக்க அதனினும் தக்க கருவி இல்லை. நான்கனுள் இரண்டு, அதாவது மருத்துவரும் உடனிருப்பவரும், வழியில் எங்கேயோ இறங்கிவிட்டனர். எஞ்சியவர் நோயாளியும் புட்டியும் மட்டுமே.

அவர்கள் இறங்கியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாற்றப்பட்டும், மக்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தபோது, லயத்துக் கொல்லையில் வளர்ந்த தூதுவளையும் ஆடாதோடையும் உடன் வரவில்லை. அவற்றை அடையாளம் காட்டிய பாட்டிமாரும் ஒவ்வொருவராக மறைந்தனர். அடுக்குமாடி வீட்டில் அம்மி இல்லை. மருந்து அரைக்க நேரமும் இல்லை. ஆயினும் நம்பிக்கை மட்டும் மாடியேறி வந்தது. நம்பிக்கை உள்ள இடத்தில் வணிகம் முளைப்பது இயல்பு. பொடியாகவும் மாத்திரையாகவும் காப்பித்தூளாகவும் அந்நம்பிக்கைக்கு விலை குறிக்கப்பட்டது.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். நஞ்சுகள் சட்டமும் மருந்து விற்பனைச் சட்டமும் 1952ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே பிறந்தவை. 1956இல் மருந்து விளம்பரம், விற்பனை பற்றிய சட்டம் வந்தது. நீரிழிவு, புற்றுநோய், காசநோய், வலிப்பு முதலிய குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை அது தடுத்தது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அது நடைமுறையில் இருக்கும்போதே இத்தகைய விளம்பரங்கள் கைப்பேசி வழியாக வீடு வீடாக வருகின்றன என்பது வேறு செய்தி.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் முப்பத்துநான்காம் பிரிவு, மலாய், சீன, இந்திய மருத்துவ முறைகளின்படி மட்டும் மருத்துவம் செய்வோரைத் தடை செய்யாது விட்டது. நவீன மருத்துவம் கற்றவர் என்று பிறரை நம்பச் செய்யும் பட்டங்களைச் சூட்டிக்கொள்ளலாகாது என்பதே அதன் நிபந்தனை. மூவினத்தார் வாழும் நாட்டில் அவரவர் மரபை மதித்த பிரிவு எனப் பலராலும் அது பாராட்டப்பட்டது. பாராட்டுக்குரியதே. ஆனால் ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு குறை புலனாகும். அப்பிரிவு மருத்துவரைப் பற்றியது, மருந்தைப் பற்றியதன்று. வைத்தியர் தம் கையால் அரைத்துத் தந்த மருந்துக்கு அவரே பொறுப்பு. தொழிற்சாலையில் செய்து கடையில் குவிக்கப்பட்ட மருந்துக்கு யார் பொறுப்பு என்னும் வினாவை அது எழுப்பவே இல்லை.

அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கியது. 1978ஆம் ஆண்டில் அங்குத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1984இல் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வெளிவந்தன. மறு ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரம் எனப்படும் குழு அமைந்தது. முதலில் மருத்துவர் சீட்டுடன் விற்கப்படும் ஆங்கில மருந்துகள் பதிவுக்கு உட்பட்டன. 1988இல் கடையில் நேரே வாங்கும் மருந்துகள் தொடர்ந்தன. 1992ஆம் ஆண்டில் மரபு மருந்துகளின் முறை வந்தது. தம் தொழிலை ஒழிக்கவே இவ்விதி என்று மரபு மருந்து செய்வோர் எண்ணினால் அது வரலாறு அறியாமையால் வருவது. ஆங்கில மருந்தும் இதே பள்ளியில் அடிபட்டுப் பயின்றதுதான். கருவுற்ற பெண்டிர் உண்ட தாலிடோமைடு என்னும் மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்த பின்னர், அம்மருந்து 1961இல் பின்வாங்கப்பட்டது. அதன் பிறகே உலக நாடுகள் மருந்துச் சட்டங்களை இறுக்கின. மரபு மருந்துகள் அவ்வரிசையில் கடைசியாக நின்றன என்பதே உண்மை.

பதிவு பெற்ற மரபு மருந்துப் புட்டியில் 'மால்' என்று தொடங்கி எண்கள் தொடர்ந்து 'டி' என்னும் ஆங்கில எழுத்தில் முடியும் குறியீடு காணப்படும். 2005ஆம் ஆண்டு முதல் ஒளிரும் பாதுகாப்பு முத்திரையும் ஒட்டப்பட்டு வருகிறது. பதிவுக்கு முன் மருந்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 5 பங்கு, இதளியம் அரைப் பங்கு, காட்மியம் 0.3 பங்கு என்னும் வரம்பை மீறாமை சோதிக்கப்படுகிறது. நுண்ணுயிர்களின் அளவும், ஸ்டீராய்டு போன்ற கலப்படங்கள் இன்மையும் பார்க்கப்படுகின்றன. ஆனால் மக்களிடையே பரவியுள்ள தவறான எண்ணம் ஒன்றைத் தமிழாசிரியர் திருத்துதல் வேண்டும். பதிவு எண் பெற்ற மரபு மருந்து நோயைத் தீர்க்கும் என்று அரசு உறுதி கூறவில்லை. தரத்தையும் தீங்கின்மையையும் மட்டுமே அது நோக்குகிறது. எண் இருப்பதனாலேயே நீரிழிவு நீங்கும் என்று நினைத்து மருத்துவமனை மாத்திரையை நிறுத்துவது, தேர்வு எழுத அனுமதிச் சீட்டுப் பெற்றதையே தேர்ச்சி என்று கொள்வதை ஒக்கும்.

சட்டம் மெல்ல நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் உலகின் பல மூலைகளிலிருந்து அதிர்ச்சிச் செய்திகள் வந்தன. அவற்றுள் சில தமிழர் கடைச் சரக்கோடு நேரே தொடர்புடையவை.

முதற் செய்தி அண்டை நாடான சிங்கப்பூரிலிருந்து வந்தது. சீனர் தம் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்து வந்த 'ஹுவாங் லியான்' என்னும் வேரில் பெர்பெரின் என்னும் பொருள் உண்டு. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்கள் சில பொருள்களால் சிதைந்து, மஞ்சட்காமாலை முற்றி, மூளை பாதிக்கப்படலாம். இவ்வேர் அதற்குக் காரணமாகலாம் என்ற அச்சத்தால் 1978இல் சிங்கப்பூர் அதனைத் தடைசெய்தது. பல்லாண்டுகளுக்குப் பின், புதிய ஆய்வுகளை எடைபோட்டு, 2013 முதல் அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. தடை விதித்ததும் ஆய்வின் பேரில், தளர்த்தியதும் ஆய்வின் பேரில் என்பது கருதத்தக்கது. பெர்பெரின் தமிழருக்கு அயலான பொருளன்று. மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் அதுவே. மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்நொதி சோதிக்கப்படுகிறது. குறை இருப்பின் பெற்றோரிடம் தெரிவிக்கப்படுகிறது. அச்செய்தி வீட்டில் உரைமருந்து உரைக்கும் பாட்டியின் காதுக்கும் எட்டுகிறதா என்பதில்தான் குழந்தையின் நலம் இருக்கிறது.

இரண்டாவது செய்தி பெல்சியம் நாட்டினுடையது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க வேண்டிச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகங்கள் பழுதாயின. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுள் பலருக்குப் பின்னர்ச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். 'ஃபாங் ஜி' என்னும் சீன மூலிகை வேண்டிய இடத்தில், 'குவாங் ஃபாங் ஜி' என்னும் வேறு மூலிகை சேர்ந்துவிட்டது. பின்னது அரிஸ்டோலோக்கியா குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பச் செடிகளைக் கொண்ட மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என 2002ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. தமிழ் மருத்துவம் அறிந்தோர் இங்கு நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே குடும்பத்தவை. ஆடும் தீண்டாத செடி என்று முன்னோர் இட்ட பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பெயர்க் குழப்பம் என்பது மொழியாசிரியரின் எல்லைக்குள்ளும் வருவது. ஒரு செடிக்குப் பல பெயர். ஒரு பெயருக்குப் பல செடி. ஈச்சுரமூலிக்கே பெருமருந்து, கருடக்கொடி எனப் பிற பெயர்களும் உண்டு. கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூ உடையது ஒன்று, மஞ்சள் பூ உடையது ஒன்று; இரண்டும் வெவ்வேறு செடிகள். போதாக்குறைக்கு, கோலாலம்பூர்ச் சாலையோரங்களில் அழகுக்காகப் படரவிட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடி ஒன்று, அம்மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தோற்றத்தில் ஒத்தது. ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேற்றினம். நிகண்டுகளை மனப்பாடம் செய்தோர் காலத்தில் பொருட்பெயர் அறிவு புலமையின் பகுதியாக இருந்தது. இன்று அது கடைக்காரரின் நினைவாற்றலை நம்பி நிற்கிறது.

மூன்றாவது செய்தியில் மலேசியரின் சோற்றுத் தட்டே இடம்பெறுகிறது. 'சாயோர் மானிஸ்' என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் கீரையைத் தமிழர் தவசிக்கீரை என்பர். முட்டை சேர்த்துப் பிரட்டுவதும் தேங்காய்ப்பாலில் குழம்பு வைப்பதும் இங்கு வழக்கம். தலைமுறை தலைமுறையாக இக்கீரை இவ்வாறு சமைத்து உண்ணப்படுகிறது. 1994-95ஆம் ஆண்டுகளில் தைவானில் இக்கீரை உடல் இளைக்கும் மருந்தெனப் பெயர் பெற்றது. அங்கு அதனைச் சமைக்கவில்லை. பச்சையாக அரைத்துப் பழச்சாற்றோடு நாள்தோறும் வாரக்கணக்கில் குடித்தனர். விளைவு கொடியது. நுரையீரலின் நுண்குழல்கள் அடைபட்டு, மீளா மூச்சுத்திணறலுக்குப் பலர் ஆளாயினர், சிலருக்கு மாற்று நுரையீரல் பொருத்த வேண்டி வந்தது, உயிரிழந்தோரும் உளர். கீரை அதே கீரைதான். மாறியவை மூன்று: சமைத்தது பச்சையாயிற்று, கறியளவு குவளையளவாயிற்று, என்றோ ஒருநாள் உண்பது நாள்தோறும் ஆயிற்று. 'எங்கள் முன்னோர் உண்டனர், எங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று கூறுவோர், முன்னோர் எதை உண்டனர் என்பதோடு எப்படி உண்டனர் என்பதையும் சேர்த்துக் கூறினாலன்றி அச்சான்று செல்லாது.

நான்காவது செய்தி 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியர் கடைகளிலிருந்து வந்தது. அங்கு வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், இதளியம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ஐந்தில் ஒன்று! அவை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் செய்யப்பட்டவை. இந்திய அரசு வாளாவிருக்கவில்லை. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் உலோகச் சோதனையை 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கட்டாயமாக்கியது. ஏற்றுமதிக்கு முதலில், உள்நாட்டுக்குப் பின்னர் என்னும் முறை பற்றிக் கசப்பான வினாக்கள் எழுந்தன, எழுந்தது நியாயமே. முறைப்படி புடமிட்ட பற்பமும் செந்தூரமும் தீங்கற்றவை என்பது சித்தர் மரபினர் கூற்று. புடம் முறைப்படி இடப்பட்டதா என்பதைப் புட்டியைப் பார்த்து எவரும் கூறிவிட முடியாது என்பது ஆய்வாளர் கூற்று. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. இரண்டாவது கூற்றை ஏற்பதால் முதலாவதற்கு இழுக்கும் இல்லை.

இவையெல்லாம் மூலிகையால் வந்த தீங்குகள். இவற்றினும் இழிவானது, மூலிகையின் பெயரால் செய்யப்படும் வஞ்சகம். மலேசியச் சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் எச்சரிக்கைகளில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மூட்டுவலி மருந்தில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. ஆண்மை மருந்தில் சில்டெனாபில். இளைக்கும் காப்பியில் சிபுட்ரமின். இவை யாவும் ஆங்கில மருந்துகள். ஆங்கில மருந்து வேண்டாம் என்று மருத்துவமனையை விட்டு ஓடி வந்தவருக்கே, அம்மருந்தை அளவும் பெயரும் மறைத்துப் பச்சிலைப் படம் போட்ட புட்டியில் கொடுக்கின்றனர். இதனினும் பெரிய கேலிக்கூத்து உண்டோ!

ஸ்டீராய்டு கலந்த மூட்டுவலி மருந்தின் தந்திரம் எளியது. இரண்டு மூன்று நாளில் வலி பறந்துவிடும். முடங்கிக் கிடந்த முதியவர் எழுந்து நடப்பார். கண்டவர் எல்லாரும் வாங்குவர். சில மாதங்களில் முகம் நிலவுபோல் உப்பும். உடல் செழித்ததாக உற்றார் மகிழ்வர். உள்ளே எலும்பு மெலியும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். பிறகு எவரேனும் எச்சரிக்க, மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அதுவே உயிருக்கு இறுதியாகவும் கூடும். உண்டாலும் தீங்கு, விட்டாலும் தீங்கு என்னும் பொறி அது. மருத்துவர் வழிகாட்டப் படிப்படியாகவே அதிலிருந்து வெளிவர முடியும். மலேசிய இனத்தாருள் நீரிழிவு நோய் இந்தியரிடையேதான் மிகுதி என்பதைத் தேசிய நல ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. சர்க்கரையை ஏற்றும் மறைபொருள் யாரை முதலில் வீழ்த்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிபுட்ரமின் மருந்து, நெஞ்சடைப்பு, பக்கவாதம் பற்றிய அச்சத்தால் 2010இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பின்னும் அது காப்பித்தூளில் ஒளிந்து உலவுகிறது. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நிகழ்ந்தது இன்னும் கொடுமை. கள்ளத்தனமாக விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத ஏறத்தாழ 150 பேர் சர்க்கரை அளவு வீழ்ந்து மருத்துவமனை சேர்ந்தனர்; நால்வர் இறந்தனர். ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் நடந்தது இது.

உணவு எது, மருந்து எது என்னும் எல்லைக்கோடும் தகராறுக்குரியதாயிற்று. 'உணவே மருந்து' என்று தமிழர் பெருமையோடு கூறுவதை, வணிகர் 'மருந்தே உணவு' என்று திருப்பிப் போட்டனர். உணவென்று பெயரிட்டால் மருந்துப் பதிவு வேண்டாமே! இச்சந்து அடைக்கப்பட வேண்டி, ஐயத்துக்கிடமான பொருள்களை உணவுப் பிரிவினரும் மருந்துப் பிரிவினரும் கூடி வகைப்படுத்தும் முறை ஏற்பட்டது. நூற்றுக்கு எண்பது பங்கு உணவாக இருப்பது பொதுவாக உணவுப் பிரிவைச் சாரும். மருந்தாற்றல் மிகுந்தது மருந்துப் பிரிவைச் சாரும். காப்பி என்றும் பழச்சாறு என்றும் வருபவற்றில் இக்கணக்கு எத்துணைச் சிக்கலானது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

2001இல் மரபு மருத்துவம் பற்றிய தேசியக் கொள்கை வெளிவந்தது. 2004இல் சுகாதார அமைச்சில் அதற்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வருகை தந்தபோது பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' திறந்து வைக்கப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். அவ்வருகையின்போதே மரபு மருத்துவத் துறையில் இரு நாடுகளும் ஒத்துழைக்க உடன்பாடு செய்துகொண்டதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. வளைவுகளும் வண்ண விளக்குகளும் கண்ணில் பட்ட அளவுக்கு உடன்பாடு படவில்லை. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மரபு, துணை மருத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலாய், சீன மருத்துவங்களோடு இந்திய மரபு மருத்துவமும் அதில் ஏற்கப்பட்டது. சித்தமும் ஆயுர்வேதமும் அதனுள் அடங்கும். மருத்துவம் செய்வோர் தகுதி காட்டிப் பதிவுபெற வேண்டும் என்பது அதன் சாரம். 1971இல் தடுக்காது விடப்பட்டவர்கள், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தகுதி கேட்கப்பட்டனர்.

இவ்வளவுக்குப் பின்னும் இரண்டு வாயில்கள் திறந்தே உள்ளன. வைத்தியர் தம் நோயாளிக்கெனத் தாமே கலந்து நேரே கொடுக்கும் மருந்துக்குப் பதிவு வேண்டுவதில்லை. உலர்த்தியதன்றி வேறு பக்குவம் செய்யாத வேரும் இலையும் பட்டையும் பதிவுக்கு உட்பட்டவையல்ல. இவற்றை அடைப்பதும் நன்றன்று. அடைத்தால் ஏழை வீட்டுச் சுக்குக் காப்பிக்கும் உரிமம் கேட்க நேரும்.

திறந்த அவ்வாயிலின் படியில் வசம்பு கிடக்கிறது. 'பிள்ளை வளர்ப்பான்' என்றும், இரவில் பெயர் கூறலாகாது என்பதால் 'பேர் சொல்லா மருந்து' என்றும் வழங்கப்படும் வேர் அது. மணிபோல் கோத்துக் குழந்தையின் கையில் கட்டுவர். விளக்குச் சுடரில் சுட்டுக் கரியாக்கி, உரைத்து, நாவில் தடவுவர். அதிலுள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது கண்டு, 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. சுடாது அரைத்துக் கொடுப்பதும், அளவு மிகுவதும் வாந்தியையும் மயக்கத்தையும் விளைக்கும் என்பதை முதியோர் முன்பே அறிந்திருந்தனர். கடையில் அது பதிவு எண்ணோ ஒளிரும் முத்திரையோ இன்றித் திறந்த சாக்கில் இருக்கிறது. எப்படிச் சுடுவது, எவ்வளவு உரைப்பது என்று வாங்க வந்த இளந்தாய் கேட்டால், கல்லாவில் இருப்பவர் சொல்வது ஒன்றே அதற்கு ஒட்டிய சீட்டு.